மேட்டுப்பாத்தி படுத்தும் பாடு: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

திருச்சி வயலூர் ரோட்டுப் பக்கம், உய்யக்கொண்டான் வாய்க்கால் பாய்ந்து நெல் விளைந்த நிலம் மனையான இடத்தில் என் வீடு. கொல்லையில் நாலு மேட்டுப்பாத்தி, அதாவது தரைக்கு மேலே சுற்றுச்சுவர் கட்டி மண் நிரப்பிய பாத்தி, இருக்கிறது. தெருவில் மற்றவர்களுக்கும் சிலது கட்டிக் கொடுத்திருக்கிறேன். கட்டியதைவிட, கட்டிய பிறகு "அண்ணே, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்ற கூப்பாட்டுக்குப் போனதுதான் அதிகம். போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்விதான்: "என்ன மருந்து அடிக்கலாம்?" பெரும்பாலும் எதையும் அடிக்க வேண்டியிருக்காது. நோவு இலையில் தெரியும், காரணம் பாத்தியில் இருக்கும்.

போகும்போது மூன்று சாமான் எடுத்துப் போவேன். கட்டடம் கட்டும் இடத்தில் துண்டாகக் கிடக்கும் 8 எம்.எம். கம்பி இரண்டடி, ஒரு கண்ணாடி டம்ளர், பாதி எலுமிச்சம்பழம். கீழே வரும் சோதனைகளில் பாதிக்கு இவையே போதும்.

பாத்தி என்று இங்கே நான் சொல்வது 4 அடி அகலம், 8 அடி நீளம், ஹாலோ பிளாக் இரண்டு வரிசை, ஆக 16 இன்ச் உயரம். சுவரை ஒட்டிக் கட்டியிருந்தால் அகலம் இரண்டு, இரண்டரை அடிக்கு மேல் போகக்கூடாது. கை எட்டாமல் பாத்திக்குள் ஏறி மிதிக்க ஆரம்பித்தால், மண் இறுகி, கீழே சொல்லும் கோளாறுகளில் பாதி தானே வந்துவிடும்.

## மழை விட்டு மறுநாளும் தண்ணீர் நிற்கிறது

முதலில் கம்பியைச் செருகிப் பாருங்கள். தண்ணீர் மேலே மட்டும் நிற்கிறதா, உள்ளேயும் நிற்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

### மேலே குளம், மூன்று இன்ச் கீழே காய்ந்த மண்

மேல்மண் பொருக்குத் தட்டியிருக்கிறது. குழாயை நேரே பீய்ச்சி அடிக்கிற வீடுகளில் இது கட்டாயம் வரும். கொத்திவிட்டு, காய்ந்த இலையோ வைக்கோலோ இரண்டு இன்ச் மூடாக்குப் போடுங்கள். பூவாளியில் ஊற்றுங்கள். செலவில்லை, வேலை முடிந்தது.

### கம்பி சேறாக வெளியே வருகிறது, சாக்கடை வாடை அடிக்கிறது

உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது. எளிதானதிலிருந்து போவோம்.

வடிகால் துளையை வெளிப்பக்கமிருந்து கம்பியால் குத்துங்கள். வேரும் மண்ணும் அடைத்திருந்தால் கறுப்புத் தண்ணீர் கொட்டும். அப்படிக் கொட்டினால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். துளையே வைக்கவில்லை என்றால், அடி வரிசையில் மூன்றடிக்கு ஒன்றாக முக்கால் இன்ச் துளை போடுங்கள். டிரில் மிஷின் இருந்தால் அரைநாள் வேலை.

துளை சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் மண்கலவை மேல். ஒரு பிடி ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் கனத்துக்குத் திரிந்து, மோதிரம்போல் வளைத்தாலும் உடையவில்லை என்றால் அது களி. "மணல் கலந்தேனே" என்பார்கள். களியில் நாலு சட்டி மணல் போட்டால் செங்கல்போல் இறுகத்தான் செய்யும். மூன்றில் ஒரு பங்கை அள்ளி வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தை மட்கிய எருவாலும் தேங்காய் நார்க்கழிவாலும் நிரப்புவதுதான் வழி. முதலிலேயே செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, எரு ஒன்று என்று போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அதற்கும் அடங்காவிட்டால் கோளாறு பாத்திக்கும் கீழே. எங்கள் பக்கத்து மனைகள் தலைமுறை தலைமுறையாகச் சேறடித்து நட்ட வயல்கள். மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே ஒரு இறுகிய அடுக்கு இருக்கும். கம்பி வழுக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் டக்கென்று நிற்கும். பாத்திக்குப் பக்கத்தில் ஓரடி ஆழம் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, இரண்டாம் முறை நிரப்பி மணி பாருங்கள். மணிக்கு ஒரு இன்ச்சாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், பாத்தி மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கி, கடப்பாரையால் அந்த அடுக்கை அடிக்கு ஒரு குத்து வீதம் உடைக்க வேண்டும். ஓர் ஆள், ஒரு நாள்.

என் முதல் பாத்தியில் இது எதுவுமே இல்லை. கட்டிய கொத்தனார் அன்பு மிகுந்து, அடியில் சிமெண்ட் தளம் பூசிவிட்டார். "தண்ணி வீணாகாது சார்" என்றார். வீணாகவில்லைதான். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் அடித்த மழையில் ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை. பன்னிரண்டு கத்தரிச் செடியும் நின்றபடியே அழுகின. ஒன்றைப் பிடுங்கினேன். வேரின் தோல் மட்டும் உறைபோல உருவிக்கொண்டு கையோடு வந்தது. உள்ளே வெள்ளை நார் ஒன்று ஈர்க்குச்சிபோல் மண்ணிலேயே நின்றது. அடுத்த வாரம் தளத்தை உடைத்தேன்.

இதற்கு மாற்று என்று அடியில் ஒரு வரிசை ஜல்லி போடச் சொல்பவர்கள் உண்டு. அடி அடைத்த பாத்தியில் ஜல்லி வடிகால் ஆகாது. மண் கொள்ளும் ஆழம்தான் அந்த அளவுக்குக் குறையும். துளையும் உடைந்த தரையும்தான் வடிகால்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கொல்லை முழுதும் நின்றால் அது பாத்திக் கோளாறு அல்ல. தரை மட்டம் பார்த்து வாய்க்கால் எடுக்கத் தெரிந்த சிவில் ஆள் வேண்டும். மழையே இல்லாத நாளில் பாத்தியோரம் ஈரம் ஊறி வாடை அடித்தால் செப்டிக் டேங்கைச் சந்தேகியுங்கள். சரியாகும்வரை அந்தப் பாத்தியின் கீரையைத் தொடாதீர்கள்.

## செடி வாடி நிற்கிறது

வாடினால் தண்ணீர் ஊற்றுவது எல்லோருக்கும் கை தானாகச் செய்வது. ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள்.

### மண் காய்ந்திருக்கிறது

மேட்டுப்பாத்தி தரையைவிடச் சீக்கிரம் காயும். பங்குனி, சித்திரையில் ஹாலோ பிளாக் சூடேறி ஓரத்து மண்ணை வறுத்துவிடும். நடுவில் உள்ள செடி நன்றாக இருந்து ஓரத்துச் செடி மட்டும் வாடினால் இதுதான். மூடாக்கு போடுங்கள். ஓரத்தில் அரையடி விட்டு நடுங்கள். காலை, மாலை இரண்டு வேளையாகப் பிரித்து ஊற்றுங்கள்.

ஊற்றிய தண்ணீர் நொடியில் ஓரமாக இறங்கிக் கீழே ஓடிவிட்டால், கலவையில் நார்க்கழிவு அதிகமாகி, ஒருமுறை முழுக்கக் காய்ந்து, தண்ணீரை ஏற்க மறுக்கிறது என்று பொருள். பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மறுபடி ஏற்கும்.

### மண் ஈரம், நண்பகலில் மட்டும் வாட்டம், மாலையில் நிமிர்கிறது

சுரை, பூசணி, வெள்ளரியின் அகன்ற இலைக்கு வெயில் நேரத்தில் இது இயல்பு. விட்டுவிடுங்கள். தக்காளி, கத்தரி, வெண்டை தினமும் இப்படி வாடி, வளர்ச்சியும் குன்றினால், ஒரு செடியைத் தியாகம் செய்து மண்ணோடு தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். மிளகிலிருந்து சுண்டைக்காய் வரை பல அளவில் முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. பயறு, அவரை வேரில் இருக்கும் முடிச்சோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நல்லது செய்யும் பாக்டீரியாவின் வீடு, நகத்தால் தள்ளினால் தனியாக உதிரும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, உதிராது.

வைத்தியம் பாத்திக்குத்தான். செடிகளை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தை ஒட்டி, பாத்தியை நன்றாக நனைத்து, நிறமில்லாத கண்ணாடி பாலிதீன் ஷீட்டால் மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து நாலிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். கறுப்பு ஷீட் வேண்டாம். பிறகு வேப்பம்புண்ணாக்கு கலந்து, ஒரு பருவம் செண்டுமல்லியை நெருக்கமாக நடுங்கள். சாமிக்குப் பூவும் ஆச்சு.

### மண் ஈரம், இலை பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் தொங்கிவிட்டது

இங்கேதான் டம்ளர் வேலை செய்யும். தண்டை அடியில் சாய்வாக வெட்டி, தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் முங்குமாறு ஆட்டாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு இழை, ஊதுபத்திப் புகை கீழ்நோக்கி இறங்குவதுபோல் இறங்கினால் பாக்டீரியா வாடல். முதல் முறை பார்க்கிறவர்கள் கை நடுங்கிவிடும், அவ்வளவு தெளிவாகத் தெரியும். மருந்தில்லை. செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் இரண்டு, மூன்று வருஷம் தக்காளி, கத்தரி, மிளகாய் கூடாது. கீரை, வெண்டை, மக்காச்சோளம் போடலாம். ஆனால் அதே பாத்தியில் நூற்புழுவும் இருந்தால் வெண்டையும் ஆகாது. வெண்டை என்றால் நூற்புழுவுக்குக் கொண்டாட்டம்.

இழை வரவில்லை, வேர் பழுப்பாகிக் கொழகொழக்கிறது என்றால் தண்ணீர் தேங்கியது. முதல் தலைப்புக்குத் திரும்புங்கள்.

கத்தரியில் நுனி மட்டும் தொங்கி மற்றது நன்றாக இருந்தால், அது தண்டுத் துளைப்பான் புழு. வாடிய நுனியை ஓர் இன்ச் கீழே சேர்த்துக் கிள்ளிப் பிளந்தால் உள்ளேயே ஆள் இருப்பார். வாரம் ஒருமுறை கிள்ளி அழித்தால் போதும்.

### வேரே இல்லை, செடி லேசாக இழுத்ததும் வந்துவிட்டது

மண்ணைக் கிளறுங்கள். வெள்ளையாக, கட்டைவிரல் கனத்தில், அரைவட்டமாகச் சுருண்ட புழு கிடைக்கும். மட்காத சாணியோடு வண்டி ஏறி வந்தது. நான் ஒருமுறை ஒரு லோடு எரு வாங்கி, மேலே காய்ந்திருந்ததை நம்பி அப்படியே கொட்டினேன். ஒரே பாத்தியில் ஒரு வாளிப் புழு. பொறுக்கிப் பரப்பி வைத்ததைக் காக்கையும் மைனாவும் தீர்த்தன. எருவை அள்ளி முகருங்கள். மண்வாசனை வர வேண்டும், சாணி வாடை வந்தால் இன்னும் இரண்டு மாதம் குவித்துப் போடுங்கள்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள், அதுதான் எல்லாம்.

### அடி இலை முதலில்

ஒன்றிரண்டு பழைய இலை பழுப்பது வயசு. வரிசையாக மேலே ஏறினால் தழைச்சத்துக் குறைவு. பாத்தியை நிரப்பும்போது செலவைக் குறைக்க மரத்தூள், காய்ந்த சருகு என்று அடைத்திருந்தால், அவை மட்கும்போது செடியின் பங்கையும் தின்றுவிடும். மண்புழு உரம் செடிக்கு இரண்டு கை, வாரம் ஒருமுறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம். இரண்டு வாரத்தில் புது இலை பச்சையாக வர வேண்டும். பழுத்தது திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மனசு விடாதீர்கள்.

### புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச்சத்து. மண்ணில் இருந்தாலும் செடியால் எடுக்க முடியவில்லை என்பதே பெரும்பாலும் விஷயம். எலுமிச்சம்பழத்தை இப்போது எடுங்கள். மண்ணில் கிடக்கும் வெள்ளைத் துணுக்குகள் மேல் நாலு சொட்டுப் பிழியுங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் சுண்ணாம்பு. வீடு கட்டிய இடிபாடும் கலவையும் சவுடு மண்ணோடு பாத்திக்குள் வந்திருக்கிறது. பொறுக்கி எடுங்கள், எருவைக் கூட்டுங்கள். பாத்தி முழுக்க நுரைத்தால் மண்ணை மாற்றுவதுதான் மலிவு.

### ஓரம் கருகுகிறது, மண்மேல் வெள்ளைப் பூச்சு

உப்பு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பேன். ஒரு வீட்டு அம்மா, "தம்பி, ஆர்.ஓ. மிஷின்ல வர்ற கழிவுத் தண்ணிய வீணாக்காம இதுக்குத்தான் விடுறேன்" என்றார். போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்பைத் திரட்டித் தருவதுதான் அந்தக் கழிவுத் தண்ணீர். அதைக் கழிவறைக்கு விடுங்கள், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள். அதில் உப்பில்லை.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் போர் தண்ணீரைப் பாருங்கள். 450க்குக் கீழ் கவலையில்லை. அதற்கு மேல் ஏற ஏறப் பயிரைத் தேர்ந்து போட வேண்டும். 2000 தாண்டினால் அந்தத் தண்ணீரை நம்பித் தோட்டம் போடாதீர்கள், மழைநீர்த் தொட்டி கட்டுங்கள். பீன்ஸ்தான் முதலில் சுருளும். பீட்ரூட் ஓரளவு தாங்கும். நார்க்கழிவுக் கட்டி புதிதாகப் போட்டிருந்தால் அதிலும் உப்பு இருக்கும். ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசாமல் கலக்கக்கூடாது. ஏறிவிட்ட உப்பை இறக்க, வடிகால் திறந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, நல்ல தண்ணீரைப் பாத்தி வழிந்தோடும் அளவுக்கு இரண்டு நாள் விடுங்கள். நல்ல ஐப்பசி மழை இதை இலவசமாகச் செய்யும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: இரண்டு பருவமாக மஞ்சள் தீரவில்லை என்றால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். பாத்தியில் நாலைந்து இடத்தில் அரையடி ஆழம் வரை மண்ணைச் சீவி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி அரைக்கிலோ போதும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. எங்கள் மாவட்டத்தில் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையமும் நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியும் பக்கம். உரம் வாங்கி உரம் வாங்கிக் கொட்டுவதைவிட இது குறைந்த செலவு.

மஞ்சள் திட்டுத்திட்டாக, வெண்டை இலையில் நரம்பே மஞ்சளாக வலைபோல் தெரிந்தால் அது வைரஸ். வெள்ளை ஈ கொண்டு வருவது. செடியைப் பிடுங்குங்கள், இரக்கம் காட்டினால் வரிசை முழுவதும் போகும். மஞ்சள் ஒட்டுப்பொறியை நட்ட அன்றே கட்டியிருக்க வேண்டும்.

## செடி தளதளவென்று, காய் மட்டும் இல்லை

செலவில்லாமல் தீரும் காரணம், நம்முடைய அவசரம். சுரை, பீர்க்கு, புடலை, பாகல் கொடிகளில் முதலில் ஆண்பூதான் வரும். அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவது பெண்பூ. அது வந்தும் பிஞ்சு வெம்பி உதிர்ந்தால், மகரந்தம் சேரவில்லை. சுரைக்கும் பீர்க்குக்கும் பூ மாலையில் விரியும், அப்போது ஆண்பூவைப் பறித்துத் தடவிவிடுங்கள். பரங்கிக்கும் பாகலுக்கும் காலையில்.

தக்காளி சித்திரையில் பூத்துப் பூத்துக் கொட்டுகிறதா? வெயில். பகல் 35 டிகிரிக்கு மேல், இரவிலும் புழுக்கம் என்றால் பூ நிற்காது. எந்த டானிக்கும் வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் நாற்றுவிட்டு மார்கழி, தையில் பறிக்கத் திட்டமிடுங்கள். கோடைப் பாத்தியைக் கொத்தவரைக்கும் தண்டுக்கீரைக்கும் கொடுங்கள்.

இலை கரும்பச்சையாக, கொழுத்து, பூவே வரவில்லை என்றால் உரம் அதிகம். ஒரு மாதம் எதுவும் போடாதீர்கள்.

கடைசியாகப் பார்க்க வேண்டியதும், சரிசெய்யச் சிரமமானதும் நிழல். காய்கறிக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும், கீரை நாலில் சமாளிக்கும். பாத்தி வைத்தது வைகாசியில் என்றால் ஏமாந்திருப்பீர்கள். திருச்சியில் சித்திரை பிறந்து சில நாளில் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, ஆவணி முதல் வாரம்வரை நண்பகலில் சற்று வடக்கே நிற்கும். பிறகு தெற்கே சாய்ந்துவிடும். மார்கழியில் 10 அடிச் சுவரின் நண்பகல் நிழல் வடக்கே ஏறக்குறைய 7 அடி விழும். வைகாசியில் பளீரென்று இருந்த இடம், தக்காளி காய்க்க வேண்டிய மாதத்தில் முழு நிழல். தெற்கே சுவர் இருந்தால், பாத்திக்கும் அதற்கும் நடுவே சுவர் உயரத்தில் முக்கால் பங்காவது தள்ளுங்கள். கட்டிவிட்டீர்கள், நகர்த்த முடியாது என்றால் அதைக் கீரைப் பாத்தி ஆக்கிவிடுங்கள். நான் அப்படித்தான் ஒன்றை அரைக்கீரைக்கு விட்டுக்கொடுத்தேன், வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை.

## நாற்று தரைமட்டத்தில் ஒடிந்து விழுகிறது

நாற்றழுகல். நெருக்கி விதைத்தது, மாலையில் தண்ணீர் ஊற்றியது. குழித்தட்டுக்கு மாறுங்கள், காலையில் மட்டும் தெளியுங்கள். விதையை கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தூளைக் கலந்து விதையுங்கள். வீட்டுப் பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை. தண்டு அழுகாமல் கத்தரித்ததுபோல் இருந்தால் புழுவோ நத்தையோ. இரவு எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தையாக இருந்தால் கையுறை போட்டுப் பொறுக்குங்கள்.

## மண் இறங்குகிறது, சுவர் பிதுங்குகிறது

இறங்குவது கோளாறே இல்லை. என் பாத்திகள் முதல் வருஷம் மூன்று, நாலு இன்ச் இறங்கின. ஒரு பாத்திக்கு ஏறக்குறைய 43 கன அடி மண் பிடிக்கும். இரண்டு பாத்திக்கு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி இறக்கினால், மிச்சம் இந்த மேல்நிரப்பில் பெரும்பகுதிக்கு ஆகும்.

பிதுங்கல் வேறு. நீளச் சுவரின் நடுவில் நூல் பிடித்துப் பாருங்கள். அரை இன்ச்சுக்குள் என்றால், வடிகாலைத் திறந்து, வெளியே ஒரு கல்லை முட்டுக் கொடுத்தால் நிற்கும். அதற்கு மேல் போனால் பிரித்து, பிளாக் துளைகளில் கம்பி இறக்கிக் கான்கிரீட் அடைத்துக் கட்ட வேண்டும். கொத்தனார் வேலை. பலகையில் கட்டலாமா என்று கேட்காதீர்கள், கரையானுக்கு விருந்து வைப்பதுபோல்தான்.

## பாத்தியோரம் வளை, குவிந்த மண்

பெருச்சாளி. ஒருமுறை மண்ணை ஒதுக்கி, அரை இன்ச் கண் வெல்டு மெஷ் விரிப்பதுதான் தீர்வு. கோழி வலையைக் கடித்துவிடும். வளைக்குள் கையை விடாதீர்கள். எலி போன வழியில் பாம்பும் வரும். சட்டையோ தடமோ கண்டால் தீயணைப்புத் துறைக்கு 101 அடியுங்கள், வந்து பிடித்துப் போவார்கள்.

## பாத்தி மொட்டைமாடியில், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம்

இதில் மட்டும் எளிதானதிலிருந்து ஆரம்பிக்க மாட்டேன். முதலில் எடை. நனைந்த மண் கன அடிக்கு 45 கிலோவுக்குக் குறையாது. 4க்கு 8 பாத்தியில் ஓரடி மண் போட்டால் ஒன்றரை டன், சதுர மீட்டருக்கு 500 கிலோ. ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு ஐ.எஸ். 875 தரநிர்ணயம் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். ஈரம் தெரிந்த அன்றே மண்ணைப் பாதியாக அள்ளுங்கள், மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பிறகு கீழே வந்து கூரையைப் பாருங்கள். ஈரக்கறை மட்டும் என்றால் மாடித் தண்ணீர் வடியும் குழாய் வாயில் சருகு அடைத்திருக்கலாம், பாத்திக்கு அடியில் காற்றோட்டம் இல்லாமலும் இருக்கலாம். பாத்தியைத் தரையிலிருந்து தூக்கி வைத்து ஒரு வாரம் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு உரிந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ, விரிசல் கண்டாலோ, விரிசலின் குறுக்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கொத்தனாரை அல்ல, அவர் பூசி மறைத்துவிட்டுப் போய்விடுவார். பொறியாளர் வரும்போது பாத்தியின் அளவு, மண்ணின் ஆழம், வீட்டு வரைபடம் மூன்றையும் கையில் வைத்திருங்கள். பீம் எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால், எந்தப் பாத்தியை எங்கே நகர்த்தலாம், எதை எடுத்துவிட வேண்டும் என்று அவர் அங்கேயே சொல்லிவிடுவார்.